வீட்டுக்கு மூன்று பேர்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கதவில் அந்த அறிவிப்பை ஒட்டிய அன்றே என் மகள் அதை மனப்பாடம் செய்துவிட்டாள். மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வரலாம். கதை, காகிதப் பொம்மை, கடைசி வாரம் புதையல் வேட்டை. கட்டணம் கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டில் அவள் ஒப்பித்துக் காட்டியபோது, அப்பா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஓசியில குடுத்தா பினாயிலையும் குடிப்பாவ நம்ம ஆளுவ" என்றார்.

"காசு கேட்டா மட்டும் நீங்க தருவியளாக்கும்?" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

நான் கணவன் வீடு இனி வேண்டாமென்று மகளோடு அப்பா வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். வீட்டுக்குள் அப்பா தங்கமான மனுஷன். பேத்திக்கு மாம்பழம் சீவிக் கொடுப்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். வாசலைத் தாண்டிவிட்டால் மட்டும் எங்களை யாரென்றே அவருக்குத் தெரியாது. யாராவது விசாரித்தால், "மக லீவுக்கு வந்திருக்கா" என்பார். கலெக்டர் ஆபீசில்கூட இத்தனை நீளமான லீவு யாருக்கும் கிடைக்காது. சொல்லிச் சிரிப்பேனே தவிர, அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும்.

நூலகத்திலும் இதே கதைதான். காலையில் முதல் ஆளாகப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துவிடுவார். அங்கே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துத்தான் படிப்பார்கள். நடுத்தாளை ஒருவர், விளையாட்டுத் தாளை ஒருவர். அடுத்துப் படிக்க வேண்டிய தாளை முழங்கைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொள்வார்கள். அப்பாவின் முழங்கைக்குக் கீழே எப்போதும் தலையங்கத் தாள் இருக்கும். நானும் மகளும் உள்ளே நுழைந்தால் கையில் இருக்கும் தாள் முகத்துக்கு நேரே உயரும்.

அதனால் முதல் ஞாயிறு நாங்கள் இருவர் மட்டும் போனோம். அடடா, அந்த நாள்! சத்தம் போடக் கூடாது என்று எழுதிய பலகையைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார் நூலகர். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கதையைப் பிள்ளைகள் சொல்ல, பெற்றவர்கள் நடிக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் முதலையாகத் தரையில் ஊர்ந்தேன். கடியப்பட்டணத்தில் இருந்து வந்திருந்த ஒரு படகோட்டி குரங்காக மேசை மேல் ஏறிக்கொண்டார். பிள்ளைகள் கூச்சல் போட்ட போட்டில், பேப்பர் மேசைக்காரர்கள் எல்லாரும் தாளைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தாழ்த்தவில்லை.

புதையல் வேட்டைக்கு முந்தின வாரம்தான் நூலகர் விதியைச் சொன்னார். "ஒரு வீட்டுக்கு மூணு பேர். குறைஞ்சா சேர்க்க மாட்டேன்."

மகளின் முகம் சுருங்கிப்போனது. வெளியே வந்ததும், "தாத்தா வருவாங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நீயே கேட்டுப் பார் என்றேன். அந்த வாரம் முழுக்கக் கேட்டாள். அவரும் வாரம் முழுக்க "பாப்பம் மக்கா" என்றார். பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு நூலகம் திருவிழாக் கடைபோல நெருக்கியடித்தது. நூலகர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். எங்கள் முறை வந்தது. "உங்க மூணாவது ஆளு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் திரும்பி நின்று, தொண்டை கிழிய, "தாத்தா! வாங்க, நம்ம முறை!" என்று கத்தினாள்.

பேப்பர் மேசையில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. அப்பாவின் தாள் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போனது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறினாள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சிநேகிதர்தான் பேசினார். "ஓய், பேத்தி கூப்பிடுதுல்லா? லீவு முடிஞ்சு ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு நாளு சேந்து விளையாடும்."

தாள் மெதுவாகக் கீழே வந்தது. அப்பா அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல ஓய்" என்றார். "எம் மக இனி இங்கதான். எங்கயும் போவல."

எழுந்தார். முழங்கை விலகியதும் தலையங்கத் தாள் காற்றில் பறந்தது. அதை யார் பிடித்தார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அழலாம் என்றால் நேரமில்லை, நூலகர் மணி அடித்துவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்த சீட்டை மகள் வாசித்தாள். "ஒருமுறைதான் பெறுவாள், பெற்றதும் சாய்வாள், பிள்ளைகளைப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டுப் போவாள். யார்?"

"வாழை!" என்று அப்பா போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் இருமினால்கூட முறைக்கிறவர்! "ஏட்டி, விவசாயப் புஸ்தகம் எங்கன இருக்கு? ஓடு, ஓடு!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே அவர் ஓடினார். பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் நான். வாழை சாகுபடிப் புத்தகத்தை அவரே கண்டுபிடித்தார். அதற்குள் அடுத்த சீட்டு இருந்தது. உருவி எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் நாங்கள்தான் முதல்.

அப்பாவோ புத்தகத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏத்தன் வாழைக்கு இம்புட்டு உரமா? எவன் எழுதினான் இத?" என்று அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தனை வருடம் பேப்பர் மேசைக்கு வந்தவர், அலமாரிப் பக்கம் வந்தது அன்றுதான். மகள் ஒரு கையை இழுத்தாள், நான் இன்னொரு கையை இழுத்தேன். "பொறுட்டி, இந்தப் பக்கத்த முடிச்சுக்கிடுதேன்" என்றார். அதற்குள் படகோட்டி வீட்டார் எல்லாச் சீட்டையும் கண்டுபிடித்து ஆட்டமே போட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கடைசி இடம்.

பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவளோ எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவே துள்ளிக்கொண்டு வந்தாள். பலசரக்குக் கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, "என்ன, எல்லாருமா எங்க போயிட்டு வாறிய?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லுமுன் அவள் முந்திக்கொண்டாள். "லைப்ரரில போட்டி மாமா! நாங்கதான் கடைசி! நாங்க மூணு பேரும் கடைசி!"

அப்பா நடையை வேகப்படுத்தவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எங்களோடு நடந்தார்.