வீடு சேரும் வரை சொல்லக் கூடாது

எங்கள் பத்திரிகையில் நான் பார்ப்பது சரமப் பக்கம். இறந்தவர்களின் படமும் விவரமும் வருகிற பக்கம். கேரளத்தில் காலையில் பேப்பரைக் கையில் எடுப்பவர்களில் பாதிப் பேர் முதலில் திருப்புவது அதைத்தான். தலையங்கம் எழுதுகிறவர் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். அவர் கட்டுரையில் ஒரு பத்தியே விட்டுப்போனாலும் யாரும் போன் செய்வதில்லை. என் பக்கத்தில் ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் மறுநாள் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே வந்து நிற்கும்.

எங்கள் ஆட்கள் மட்டாஞ்சேரிக்கு வந்து பல தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம். படிப்பது மலையாளம், சண்டை போடுவது தமிழ் என்று என் கணவர் கேலி செய்வார். இரண்டிலும் அவரை ஜெயித்துவிடுவேன் என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

என் வேலையில் ஒரு விதி உண்டு. உள்ளூர் ஏஜண்ட் அனுப்பும் குறிப்பை அப்படியே போடக் கூடாது. அந்த வீட்டுக்குப் போன் செய்து, ஆள் போனது உண்மைதானா என்று கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். சொத்துத் தகராறில் ஒரு புண்ணியவான், கல்லுக்குண்டாக இருந்த தன் அண்ணனின் படத்தை அனுப்பிவைத்தார். அந்த அண்ணன் மறுநாள் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அன்றிலிருந்து இந்த விதி. சாவு வீட்டுக்குப் போன் செய்து ‘ஆள் போய்விட்டாரா’ என்று கேட்பது கொடுமைதான், ஆனால் எனக்குப் பழகிவிட்டது. குரல் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டப்போகும் நேரத்தில் மட்டாஞ்சேரி ஏஜண்டிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. படத்தைத் திறந்தேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர்.

மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று காலையில்தான் தோப்பும்படியிலிருந்து மீன் பையோடு வந்தவர் என்னைப் பார்த்து, “இன்னிக்கு நல்லது ஒண்ணும் கிட்டல, மத்திதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் மத்தி வாங்கியவர் சாயங்காலம் என் பக்கத்துக்கு வந்துவிட்டார். நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தேன். ஆனாலும் விதி விதிதானே, குறிப்பில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

எடுத்தது அவருடைய தம்பி. நான் இன்னார் என்று சொன்னதும் அவர் குரல் உடைந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனவருடைய மகள் நினைவு வந்து, “மோளுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல. அவ எர்ணாகுளத்துல ஆபீஸ்ல இருக்கா. நீங்க ரெண்டு பேரும் ஒரே போட்டுலதானே வருவீங்க? நீங்க கூட்டிட்டு வந்துடுங்க தங்கச்சி. ஒண்ணும் சொல்லிடாதீங்க. வீட்டுக்கு வந்துட்டு அறிஞ்சா மதி, அது போதும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, ஏனென்றால் எங்களில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வெளியில் இருக்கிறவரிடம் சாவுச் செய்தியைச் சொல்லக் கூடாது. ‘கொஞ்சம் சீரியஸ், உடனே வா’ என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எதையும் சொல்லாமல் ஒருவர் துணைக்குப் போய்க் கூட்டிவர வேண்டும். என் மாமனார் போனபோது பாலக்காட்டில் இருந்த என் கணவரை அப்படித்தான் வரவழைத்தோம். வழியில் தெரிந்தால் எங்காவது விழுந்துவிடுவார்கள், வீட்டில் என்றால் தாங்கிப் பிடிக்க நாலு கை இருக்கும். இதுதான் கணக்கு. இதைத் தப்பென்று அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குறிப்பை அடுத்த ஷிப்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு எர்ணாகுளம் படகு ஜெட்டிக்கு நடந்தேன்.

அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. ஒரே பெண். பையில் எப்போதும் லைப்ரரிப் புத்தகம் ஒன்று இருக்கும். போட்டில் போகும்போது ஒரு அத்தியாயம், வரும்போது ஒரு அத்தியாயம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுவாள். அந்த விரல் புத்தகத்தில் இருக்கிறவரை எனக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பார்த்து அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. வக்கீல் புதிதாக எதையோ திரும்ப அடிக்கச் சொன்னாராம், கண் வலிக்கிறதாம். உட்கார்ந்ததும் போனை எடுத்தாள்.

ஒரு காலத்தில் துக்கச் செய்தி தந்தியில் வந்தது. தந்திக்காரரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். இந்தப் போனை எங்கே நிறுத்துவது? எங்கள் சந்துக்கென்று ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. தண்ணீர் வரவில்லை என்பதிலிருந்து பூனை காணவில்லை என்பது வரை எல்லாம் அதில் வரும். அவளுடைய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் இந்நேரம் அவள் அப்பாவின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார்கள். சொல்லாமல் கூட்டிவா என்று எனக்குக் கட்டளை. ஊர் முழுக்கப் படம். எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

“அப்பாவ ஒண்ணு விளிக்கறேன். என்ன மீன்னு கேக்கணும்” என்று நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். போட்டின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போட மறந்திருப்பாரு. அம்மாவ விளிக்கட்டா?”

“மத்திதான்” என்றேன் அவசரமாக. “காலையில பார்த்தேன். அந்தப் போன ஒண்ணு குடு. என்னோடதும் சார்ஜ் தீர்ந்துடுச்சு. வீட்டுல ஒரு விஷயம் சொல்லணும்.”

கொடுத்தாள். என் கணவரை அழைத்தேன். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதரிடம், சோறு வடித்தாயிற்றா என்று நான் விசாரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “ம், ம்” என்று மட்டும் சொன்னார். பின்னால் ஒரு அழுகைக் குரல் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பேசி முடித்த பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்காமல் என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இனி அவள் போனைக் கேட்காமல் இருக்க வேண்டும். அதற்கு நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் வந்தது என் வேலைக் கதைதான், எனக்கு வேறு என்ன தெரியும்? ஒரு பெரியவர் தன்னுடைய சரமக் குறிப்பைத் தானே எழுதிக்கொண்டு ஆபீசுக்கு வந்த கதையைச் சொன்னேன். கூடவே சுருட்டை முடியும் கிருதாவுமாக ஒரு கல்யாணக் காலத்துப் படம். நேரம் வரும்போது இந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்றார். ‘இப்போது இருக்கிற மாதிரி ஒன்று தரக்கூடாதா’ என்று நான் கேட்டதற்கு, ‘இப்போது இருக்கிற மாதிரி இருப்பவன்தான் செத்துப்போவானே, அவன் படம் எதற்கு’ என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“எங்க அப்பாவுக்கும் இப்பவே நல்லதா ஒரு போட்டோ எடுத்து வெக்கணும் அக்கா. அந்த ஐடி கார்டு போட்டோவ மட்டும் உங்க பேஜ்ல போட்டுடாதீங்க, கேட்டோ. கள்ளன் மாதிரி இருப்பாரு.”

ஏஜண்ட் அனுப்பியது அந்தப் படம்தான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவாள் என்று, அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். மட்டாஞ்சேரி ஜெட்டி கண்ணில் பட்டபோது, காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி கூட வந்தது. அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

இறங்கி நடந்தோம். மழை விட்டிருந்தது. மிளகு கிடங்குகளைத் தாண்டி எங்கள் சந்து திரும்பும் முனையில் க்ளப்காரர்கள் இரண்டு பேர் ஏணி வைத்து ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் போய்விட்டால், வீட்டில் சாமியானா போடுவதற்கு முன்னால் முக்கில் ஆதராஞ்சலி ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். யார் முதலில் வைப்பது என்பதில் க்ளப்புகளுக்குள் போட்டியே உண்டு. சரமப் பக்கத்தை வைத்து இத்தனை வருஷம் சோறு தின்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. போன், வாட்ஸாப், ஸ்டேட்டஸ் என்று அத்தனையையும் மறித்த நான் முக்கை மறந்துவிட்டேன்.

ஆளுயரப் படம். ஐடி கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கியிருந்தார்கள். கீழ் மூலை இன்னும் கட்டப்படாமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் நின்றாள். எதையும் ஒரு வரி விடாமல் படிக்கிறவள், அதையும் அப்படியே படித்தாள். பெயரைப் படித்தாள், கீழே க்ளப்பின் பெயர் வரை படித்தாள். நான் தோளைப் பிடித்தேன். விழவில்லை. கத்தவும் இல்லை.

“எப்போ?” என்று கேட்டாள்.

“மத்தியானம். சாப்பிட்டுட்டுப் படுத்தவர்தான்…”

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

ஏணியில் இருந்தவன் கயிற்றை விட்டுவிட்டு இறங்கினான். அவள் என் கையிலிருந்த தன் போனைப் பார்த்தாள். போட்டில் வாங்கியதிலிருந்து நான் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“போட்டுல நான் சிரிச்சப்போ அப்பா கெடக்கறாரு. நீங்க அறிஞ்சுட்டே என்னைச் சிரிக்க வெச்சீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வீட்டை நோக்கி ஓடினாள். அங்கே தாங்கிப் பிடிக்க நாலு கை தயாராக இருந்தது. அவள் ஒருவர் கையையும் தொட விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்கு வரத் தொடங்கினாள். அதே போட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. புத்தகத்தையும் எடுப்பதில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாள். சித்தப்பா சொல்லித்தானே செய்தேன், என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்கள் என்று அவளிடம் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். “சாரமில்ல அக்கா, பரவால்ல” என்பாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். சாரமில்லை என்பவளிடம் என்ன செய்வது?

சென்ற வாரம் போட்டு கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் அவள் போன் அடித்தது. சித்தப்பா. அவர் குரல் எனக்கே கேட்டது. “அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்ல. தலை சுத்துது. நீ பதறாம வா.”

அவள் “சரி” என்று வைத்தாள். சித்தப்பாவிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா. உங்க பேஜ்ல எங்க அம்மா இருக்காங்களா?”

“இல்லடி” என்றேன். “சத்தியமா இல்ல. நான் ஆபீஸ்லேர்ந்து இறங்கற வரைக்கும் மட்டாஞ்சேரிலேர்ந்து ஒண்ணுமே வரல.”

சொல்லி முடிக்கும்போதே அந்தக் கடைசி வாக்கியம் எப்படி ஒலிக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதுதான் உண்மை. இறங்கின பிறகு வந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு அன்று பிரஷர் ஏறித் தலை சுற்றியது, அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அது வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதானே தெரிந்தது.

“வேணும்னா வீட்டுக்கு விளிச்சுப் பேசு. இந்தா, நானே விளிக்கறேன்” என்று என் போனை எடுத்தேன்.

“வேண்டாம்” என்றாள். “யார் எடுத்தாலும் அதைத்தான் சொல்லுவாங்க.”

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொள்வாள் என்று பயந்து, லேசாகச் சிரித்தேன்.

“அன்னைக்கும் நீங்க இப்படித்தான் சிரிச்சீங்க” என்றாள். ஜெட்டி வரும் வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.