சன்னப் பெட்டியும் அப்பாவின் மணிக்கூடும்

மிளகாய்த்தூளும் பழைய துப்பாக்கி எண்ணெயும் சேர்ந்த ஒரு மணம் உண்டு; அதை முகர்ந்தால் எனக்கு இப்போதும் முதலில் தும்மல் வரும், பிறகு நன்றி வரும். பலெர்மோவில், துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள போர்கோ வெக்கியோவில், நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக் குசினியில் அடுப்போரம் இருந்த பச்சை இரும்புப் பெட்டியின் மணம் அது. இராணுவம் துப்பாக்கிச் சன்னங்களை அடைத்து வைக்கும் பெட்டி.

எங்கள் ஊர் வன்னியிலிருந்து யாரேனும் கொண்டுவரும் மிளகாய்த்தூள் இந்தக் கடற்காற்றில் கட்டிபட்டுப் போகிறதென்று அம்மா ஓயாமல் புலம்புவார். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில், இராணுவம் கழித்துவிட்ட சாமான்கள் விற்கும் கடையொன்று இருந்தது. தலைக்கவசம், தண்ணீர்ப் போத்தல், வெடித்து முடிந்த வெறும் கோதுகள் கோத்த பட்டி என்று எல்லாவற்றையும் இத்தாலியர்கள் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் புரட்டிப் பார்த்து, வீட்டு அலங்காரத்துக்கு வாங்கிப் போவார்கள். எங்கள் ஊரில் அப்படியொரு கோது வீட்டில் அகப்பட்டாலே இராணுவம் ஆளைக் கொண்டுபோய்விடும் என்பதால், அப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒரு ஞாயிறு என்ன துணிச்சலோ, மூடியில் றப்பர் வைத்த பெட்டியொன்றை வாங்கிவந்து, "காத்தும் புகாது, எறும்பும் புகாது" என்று அம்மாவின் முன்னால் வைத்தார்.

அம்மா அதைக் கழுவத் தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. அடியில் கிடந்த தடித்த அட்டையைக் கிளப்பினால், அதன் கீழே சில சன்னங்கள்; வெறும் கோதுகள் அல்ல, கூர் முனையோடு முழுசாக. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"கிடக்கிற இரும்பைக் குனிஞ்சு எடுக்கிறவன் நிமிரமாட்டான்" என்பது அம்மாவின் வேதவாக்கு. அவர் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். சிவப்புச் சேலையொன்றைக் கிழித்துக் கதவில் கட்டினார். பிறகு எங்களை மட்டுமல்ல, மாடிப்படி நெடுகக் கதவுகளைத் தட்டி அயலவர் எல்லோரையும் தெருவுக்கு இறக்கிவிட்டார். வன்னியில் வெடிபொருள் கண்டால் செய்கிற முறை அது. கீழ்வீட்டுக்காரி எங்களுக்கு ஏதோ கொண்டாட்டமென்று நினைத்து, கதிரையும் ஒரு போத்தல் வைனும் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவோ மாடிப்படியில் திரும்ப ஏறப்போனார். அவருடைய "பெர்மெஸ்ஸோ", அதாவது நாங்கள் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் கைக்கு வரவில்லை.

"கடலுக்குள்ளை எறிஞ்சுபோட்டு வாறன். பொலிசுக்குத் தெரிஞ்சா எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார்.

"வேண்டாமப்பா, ஆரோ ஒரு பிள்ளை கண்டெடுக்கும். நான் சிஞ்ஞோராவோடை கதைக்கிறன்" என்றார் அம்மா.

சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்று நாங்கள் அழைத்தவர் லிபெர்த்தா வீதியில் அம்மா வேலைக்குப் போய்ப் பராமரித்துவந்த வயதான இத்தாலியப் பெண்மணி. கைத்தடி ஊன்றி நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டதும் தானே பொலிசுக்கு அறிவித்துவிட்டு, டாக்சி பிடித்து வந்து, கீழ்வீட்டுக்காரியின் கதிரையில் அமர்ந்துகொண்டு, "நான் இருக்கிறேன், ஒருவரும் பயப்படக்கூடாது" என்றார். பொலிஸ்காரர்கள் வந்து, மேலே போய், சன்னங்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் அப்பாவை நோக்கி நடந்து வந்தார்.

அப்பா தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றினார். மோதிரத்தையும் கழற்றி, இரண்டையும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். அம்மா அழத் தொடங்கினார்.

"இவர் என்ன செய்கிறார்?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். வீட்டில் இத்தாலிய மொழி ஒழுங்காகத் தெரிந்தவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான்தான். எங்கள் ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டு போகும்போது ஆண்கள் இவற்றை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், ஆள் திரும்பி வராவிட்டால் அதுவாவது மிஞ்சும் என்று, தெருவில் பழகிய சிசிலிப் பேச்சுவாடை மாறாமல் சொன்னேன்.

அதிகாரி அம்மாவிடமிருந்து மணிக்கூட்டை வாங்கி, அப்பாவின் கையில் தானே கட்டிவிட்டார். வாரைக் கொளுவச் சற்று மினக்கெட்டார். "சரியானதைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் சொல். பெட்டி உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"உண்மையாத்தான் சொல்லுறாரோ?" என்று அப்பா திரும்பத் திரும்ப என்னைக் கேட்டார்.

"ஓம் அப்பா, ஓம்."

பெர்மெஸ்ஸோவும் பிறகு வந்து சேர்ந்தது. அந்தச் சந்தைக் கடை இன்று இல்லை. சிஞ்ஞோராவும் இல்லை, சைவ சமயத்தவரான அம்மா வருடந்தோறும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோவிலுக்கு மலையேறி, சிஞ்ஞோராவின் பெயரில் மெழுகுதிரி கொளுத்துகிறார். பெட்டியின் பச்சை உரிந்துவிட்டது, மிளகாய்த்தூள் மட்டும் கட்டிபடுவதில்லை. சிஞ்ஞோராவுக்கும் அந்த அதிகாரிக்கும் நாங்கள் பட்ட கடன் தீராது.

போன மாதம் அப்பாவை ரயிலேற்ற ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் கூட்டிப்போகையில், பொலிஸ்காரர் ஒருவர் என் காரை மறித்துப் பத்திரங்களைக் கேட்டார். பழக்கதோஷத்தில் நான் முதலில் அப்பாவின் கையைத்தான் பார்த்தேன். அவர் கையைத் திருப்பி, மணிக்கூட்டில் நேரம் பார்த்துவிட்டு, "றெயினுக்குச் சுணங்குது பிள்ளை, அவரைக் கெதியாப் பாக்கச் சொல்லு" என்றார்.