தலையில் வாங்கிய பந்துகள்

தொழிற்சாலைகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி அது. ஓசூரில் எங்கள் கம்பெனி அணிக்கு நான் கோச். இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் நொண்ட ஆரம்பித்ததும் அவரை வெளியே எடுத்துவிட முடிவு செய்தேன். கோட்டருகே போய் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. பல வருடமாக என்னிடம் ஆடுகிறவர், பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை, பாகலூர்ப் பக்கத்து ஆள் என்பதெல்லாம் நினைவில் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. கடைசியில் சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தினேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

வயதானால் வருகிற மறதிதான் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் எனக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை.

கிருஷ்ணகிரியில் என்னைப் பெற்ற அத்தாவுக்கு மாம்பழ மண்டி. நான் மண்டிக்குப் போகாமல் பந்தாடப் போனேன். உயரமாக இருந்ததால் பெங்களூரில் ஒரு கிளப் என்னைத் தடுப்பு ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. பிறகு கோவா, கொல்கத்தா என்று சம்பளத்துக்கு ஆடிய காலம் முழுக்க என் வேலை ஒன்றுதான்: உயரத்தில் வரும் பந்தைத் தலையால் அடித்துத் திருப்பி அனுப்புவது. மழையில் நனைந்த பந்து நெற்றியில் பட்டால் பல் வரைக்கும் அதிரும். பயிற்சி முடிந்து தலைவலி மாத்திரை போடுவது எங்களுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. ஒருமுறை எதிரணிக்காரரின் தலையோடு மோதி விழுந்தேன். எழுந்து ஆட்டத்தை முடித்தும் கொடுத்தேன். அந்த இரண்டாம் பாதி எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பல வருடம் இதை ஒரு பெருமைக் கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பெயர் மறந்து சில வாரம் கழித்து, பாகலூரிலிருந்து பைக்கில் திரும்பும்போது ஒரு முக்கில் நின்றுவிட்டேன். தினமும் போகிற வழி. வலதா இடதா என்று தெரியவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் போர்டு இருந்தது. எழுத்து புரிந்தது, திசை புரியவில்லை. டீக்கடைக்காரரிடம் ஓசூருக்கு வழி கேட்டேன். அவர் என் சட்டையில் இருந்த ஓசூர்க் கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு பெங்களூர் போனேன். அந்தக் கிளப்பில் எனக்குப் பக்கத்தில் நின்று தடுப்பாடிய நண்பன் அங்கே இருக்கிறான். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டும் போகாமல் இருந்தேன். அவன் மனைவி கதவைத் திறந்து, அவருக்கு ஆள் தெரியாது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். என் வயதுதான் அவனுக்கு. நாற்காலியிலிருந்து எழுந்து மரியாதையாகக் கும்பிட்டான்.

"வாங்க சார். டீ குடிச்சீங்களா?"

'டேய் மச்சான்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதில்லை. குடித்தேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டான். பிறகும் கேட்டான். கிளம்பும்போது அவன் மனைவி வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையேண்ணா?"

இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க. நீங்க சொன்னதையே திரும்பச் சொல்றப்ப எல்லாம், மொதத் தடவ கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அன்றுதான் உண்மையாகவே பயந்தேன். எத்தனை நாளாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்தார்கள். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். முள்ளை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தேன். நினைவு வயதுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்றும், பந்துதான் காரணமா, இது கூடுமா நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும், ஒரு வருடம் கழித்து வரும்படியும் டாக்டர் சொன்னார்.

அதன்பிறகு மைதானத்தில் என்னால் கார்னர் பயிற்சி கொடுக்க முடியவில்லை. உயரப் பந்து வந்தாலே விசில் ஊதி நிறுத்தினேன். தரையிலேயே ஆடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அரையிறுதியில் ஒரு கார்னரில், எங்கள் ஆள் யாரும் எழும்பாமல், கோல் வாங்கித் தோற்றோம். கம்பெனியில் விளக்கம் கேட்டார்கள். அதிகாரிகளுக்குச் சொல்லும் முன் அணியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஷிப்ட் முடிந்து வந்தவர்களைப் புல்லில் உட்கார வைத்து, பெயர் மறந்தது முதல் கடிகாரம் வரை சொன்னேன். எங்கள் ஸ்டாப்பர், நான் அந்தக் காலத்தில் ஆடிய தடுப்பு இடத்தில் ஆடுகிறவர், நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு கேப்டன் கேட்டார்.

"மேட்ச்ல பந்து வந்தா என்ன சார் பண்றது? ஒதுங்கிக்கறதா?"

முதலில் பயிற்சியிலிருந்து ஆரம்பிப்போம் என்றேன். பயிற்சியில் பந்தைத் தலையால் அடிப்பதைப் பாதிக்கும் கீழே குறைப்பது, அதற்கும் லேசான பந்து, மோதி விழுந்தவர் அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது என்று பேசி முடிவெடுத்தோம். அதிகாரிகளிடமும் சொன்ன பிறகு கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. துணைக்கு இன்னொரு கோச்சைப் போட்டது. ஆட்டத்தின்போது அவர் என் பக்கத்தில் நின்று, கேட்காமலே, வெளியே எடுக்க வேண்டியவரின் பெயரை மெதுவாகச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த பெயராக இருந்தாலும் தலையாட்டிக்கொள்கிறேன்.

வருடம் முடிந்து மறுபடி போனோம். அதே வார்த்தைகள் இல்லை, வேறு வார்த்தைகள். ஒன்று விட்டுப்போனது. சென்ற முறையைவிட மோசமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் மனைவி நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். அந்த விட்டுப்போன வார்த்தை என்னவென்று ஓசூர் வரும்வரை தேடினேன். அது கிடைக்கவே இல்லை.