ஏழாம் நாள் பக்கம்

நான் ஓய்வு பெற்ற நிறுவனம் தன் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டது. எழுதி அனுப்பினேன். தொகுப்பாளர் என் பழைய சகா. ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் எங்கள் ஆய்வுக்கூடம். சிறுநீர் வடிக்க நோயாளியின் உடலில் செருகும் பிளாஸ்டிக் குழாயின் மேல், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைப் பூசினோம். வெள்ளைக் குழாய் இளமஞ்சளாகும். கிருமி வளர்த்த தட்டில் அதன் துண்டை வைத்தால், சுற்றிலும் கிருமிகள் செத்துத் தெளிவான வட்டம் விழும். ஏழு நாள் உப்புநீரில் ஊறிய பிறகும் அந்த வட்டம் விழ வேண்டும். அதுதான் சோதனை.

சோதித்தவர் நீலசந்திராவிலிருந்து வரும் ஒரு பெண். தமிழில்தான் பேசுவார். முடியாது என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்வார்.

"சார், தண்ணி மஞ்சளாயிடுச்சு. குழாய் வெளுத்துப் போச்சு. வெள்ளி பூரா தண்ணியிலதான் இருக்கு."

ஏழாம் நாள் தட்டில் வட்டமே இல்லை. மறுநாள் மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

"மொத நாள் வட்டத்தோட அளவ இந்த ஏழாம் நாள் பக்கத்துல எழுதிடும்மா. பூச்ச அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"மொத நாள் மாவுல தோச சுட்டு, இது ஏழு நாள் மாவு, பாருங்க புளிக்கவே இல்லன்னு காட்டச் சொல்றீங்க."

"கையெழுத்து போடும்மா."

"ஆகல்லா சார்."

குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். நானே எழுதினேன். நானே கையெழுத்திட்டேன். குழாய் விற்பனைக்குப் போனது. அவரைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினேன். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, பெட்டிகளில் 'ஏழு நாள் பாதுகாப்பு' என்ற சீட்டை ஒட்டுவது. ஒரு சீட்டுகூட ஒட்டாமல் அன்றே வேலையை விட்டுப் போனார்.

அந்தக் குழாயால் யாருக்குக் காய்ச்சல் கண்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் விசாரிக்கவே இல்லை. பூச்சைச் சரி செய்யவும் இல்லை.

போன வாரம் சகா தொலைபேசியில் கூப்பிட்டார். "வயசான காலத்துல எதுக்கு சார் இதெல்லாம்? விழா மலர் சார். நல்லதா நாலு வார்த்த போதும். அந்தப் பத்திய எடுத்துடறேன்."

"ஆகல்லா" என்றேன். "எடுக்கறதா இருந்தா கட்டுரையையே எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். அந்தக் குறிப்பேடு இன்னும் அவர்கள் அலமாரியில்தான் இருக்கும். ஏழாம் நாள் பக்கத்தில் சோதித்தவர் கையெழுத்துக்கான இடம் காலி. கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.