பெயர் சொன்னால் ஓடும் ப்ரோக்ராம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்காமலே ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்கிறவன் நான்.

தொற்று பரவியதால் அவசரகாலம், நடமாட்டக் கட்டுப்பாடு, ஆபீஸ் மூடல்... என் கை சும்மா இருக்குமா? தஞ்சோங் கிளிங்கில் என் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. அதனால் வீட்டிலேயே சமைத்துப் பார்சல் அனுப்பினார். கொண்டுபோக இரண்டு பேர்: ஒருவன் முத்து, இன்னொருவர் அக்காவின் கணவர் கணேசன் அண்ணன்.

நான் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். ஆளுக்கு ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் தன் வேலையைச் செய்யும் ஒரு துண்டு. ஆளின் பெயர்தான் ஃபங்ஷனின் பெயர். அக்கா தன் போனில் 'முத்து தெங்கேரா போ' என்று ஆளையும் இடத்தையும் டைப் செய்தால் போதும். முதல் சொல்லை எடுத்து, அந்தப் பெயரில் உள்ள ஃபங்ஷனை ப்ரோக்ராமே தேடி அழைக்கும். முத்துவின் போனில் மெசேஜ் விழும். அடைப்புக்குறி இல்லை, அரைப்புள்ளி இல்லை — பச்சைத் தமிழ்! "போன் சொல்லாம யாரும் நகரக்கூடாது" என்று கட்டளை வேறு போட்டேன்.

நேற்று மதியம் தெங்கேராவில் ஒரு வீடு முழுக்கத் தொற்று. வாசலைத் தாண்ட முடியாத அந்தக் குடும்பம் அக்காவின் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது. முத்து வேறு பக்கம் போயிருந்தான். கணேசன் அண்ணனோ ஹாலில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போனையே பார்த்தபடி... மெசேஜ் வரவே இல்லை.

அக்கா என்ன டைப் செய்தார் என்று என் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தேன். 'அவங்க தெங்கேரா போகணும்.' அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை. 'இவரு தெங்கேரா.' இல்லை. கடைசியில் மகள் பெயரை வைத்து, 'செல்வியப்பா தெங்கேரா.' இல்லவே இல்லை!

போன் போட்டேன்.

"அக்கா, அண்ணன் பேரைப் போடுங்க லா!"

"கட்டினவரு பேரை எப்படி தம்பி சொல்றது?"

"சொல்ல வேணாம்க்கா, டைப் பண்ணுங்க."

"ஏன், வெரலு மட்டும் அடுத்த வீட்டுக்காரியோடதா? இங்க சோறு ஆறுது, நீ பாடம் நடத்துற!"

யார் படித்தாலும் புரியும் என்று மார்தட்டினேனே, யார் எழுதப்போகிறார்கள் என்று யோசித்தேனா? கணவரின் பெயரைச் சொல்லாமலே குடும்பத்தையும் கடையையும் நடத்துகிற பெண்மணிக்கு, பெயர் சொன்னால் மட்டுமே ஓடும் மொழி! நீங்களே சொல்லுங்கள், இதற்கு எனக்கு ஒரு டிப்ளோமா வேறு தேவையா?

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அவங்க', 'இவரு', 'செல்வியப்பா' — எது வந்தாலும் கணேசன் அண்ணனின் ஃபங்ஷனுக்கே போகும்படி மாற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று 'இந்த மனுஷன்' என்பதையும் சேர்த்தேன் — கோபமான நாட்களுக்கு.

பெருமை தாங்காமல் அண்ணனுக்கு எழுதினேன்: "அண்ணே, சரி பண்ணிட்டேன். இப்ப மெசேஜ் வரும், உடனே கிளம்புங்க!"

பதில் தெங்கேராவிலிருந்து வந்தது.

"சாப்பாடு கொடுத்தாச்சு தம்பி. உங்கக்கா அடுப்படியிலேர்ந்து கத்தினா, கிளம்பி வந்துட்டேன்."