பிரேக் வைத்திருந்தவன்

சைக்கிளில் வேகமாகப் போக எனக்குப் பயம். இன்றைக்கும் பயம்தான். ஆனால் அந்தக் காலத்துத் தென்காசியில் மீசை முளைத்த பையன் இதை வெளியே சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பலன், அத்தான் தன் ரேஸ் டீமில் என்னை நாலாவது ஆளாகச் சேர்த்துவிட்டார்.

அத்தான் என் அக்காவின் கணவர். சிறியதாக ஒரு ஜவுளிக் கடை வைத்திருந்தார். தரையில் நிற்கும்போது பரமசாது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் வேறு மனிதர்.

சாரல் காலத்தில் நடக்கும் ரேஸ் அது. தென்காசிப் பெரிய கோயில் வாசலில் கிளம்பி, செங்கோட்டை வழியாகப் பண்பொழி போய்த் திரும்பி, மறுபடியும் செங்கோட்டை வந்து, குற்றாலத்தில் முடியும். டீமுக்கு நாலு பேர். நாலு பேரில் யார் முதலில் வந்தாலும் கப் அந்த டீமுக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேற்கே கணவாய் வழியாக வரும் மேகாற்று ஆளைப் பின்னால் தள்ளும். முன்னால் போகிறவன் அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள, அவன் சக்கரத்தை ஒட்டி வருகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். முந்தின வருஷம் செங்கோட்டைக்காரர்கள் வழியெல்லாம் எங்கள் ஊர் டீமின் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்துவிட்டு, குற்றாலம் நெருங்கியதும் தாண்டிப் போய்விட்டார்கள். திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது செங்கோட்டை. ரேஸில் மட்டும் அது சேரவே இல்லை. அத்தானுக்கு அந்தத் தோல்வி வருஷம் பூராவும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருஷத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி, சைக்கிளின் கனத்தைக் குறைப்பது. எங்கள் டீமில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் கடையில் வைத்து மட்கார்டைக் கழற்றினார்கள். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மணி எல்லாம் கழன்றன. கடைசியில் அத்தான் பிரேக் கம்பியைக் காட்டினார்.

"இதையும் கழட்டுங்க அண்ணாச்சி. பிரேக் இருந்தா கை அதத்தான் தேடும். கை தேடுனா கால் சுணங்கும்."

அண்ணாச்சியும் டீமில் இருந்த இன்னொரு நண்பரும் ஆகா என்றார்கள். மூன்று சைக்கிள்களில் பிரேக் போய்விட்டது. என் சைக்கிளுக்கு வந்தபோது குறுக்கே நின்றுகொண்டேன்.

"என்னத கழட்ட வேண்டாம் அத்தான்."

"பயப்படுதியாலே?"

"ஆமா அத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"சரி, இருந்துட்டுப் போட்டு. அப்ப நீதான் முன்னால போணும். காத்த நீ வாங்கு." பிறகு என் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. நீ பிரேக்கப் பிடிச்சேன்னு வையி, பின்னால வாற நாங்க மூணு பேரும் உன் முதுகுலதான் வந்து ஏறணும். எங்களுக்கு நிக்க வழி கிடையாது. அதத் தொடவே பிடாது, கேட்டியா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் டீமுக்கே இருக்கிற ஒரே பிரேக் என் கையில். அதை நான் தொடக்கூடாது. பேசாமல் எல்லோரோடும் சேர்ந்து கழற்றிப் போட்டிருந்தாலாவது நிம்மதியாகப் பயந்திருக்கலாம்.

அக்கா அப்போது வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். ரேஸ் அன்று காலையில் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். நடப்பதற்கே மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அவுக சைக்கிள்ல ஏறுனா கண்ணு தெரியாதுலே. நீ பாத்துக்க. கொண்டுபோன மாதிரி கொண்டாந்து சேத்துரு."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சைக்கிளில் பிரேக் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

செங்கோட்டைவரை காற்று முகத்தில் அறைந்தது. சாரல் கண்ணைத் திறக்கவிடவில்லை. நெஞ்சு எரிந்தது. நான் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பின்னாலிருந்து அத்தான், "மிதிலே! மிதி!" என்று கத்துவார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காற்றை வாங்குகிறவன் நான், கப் வாங்கப் போகிறவர் அவர். எங்கள் நாலு பேருக்கும் பின்னால், போன வருஷம் போலவே, செங்கோட்டைக்காரர்கள் மட்கார்டும் மணியுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், "மெள்ளப் போ மோனே" என்று சிரித்தான்.

பண்பொழி போய்த் திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிட்டது. ரோடும் இறக்கம். பெடலை மிதிக்க வேண்டிய தேவையே இல்லாமல் சைக்கிள் ஓடியது. மழையில் ரோடு மினுமினுவென்று கிடந்தது. செங்கோட்டைக்காரர்களோ பின்தங்கிப் போனார்கள்.

"விட்டுட்டான்வலே! இனி பிடிக்க முடியாது!" என்று அத்தான் கூவினார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. இது அவர்களுடைய ரோடு. தெரிந்த ரோட்டில் எதற்காக மெதுவாக வருகிறார்கள்?

புளியமரங்களுக்கு நடுவே ஒரு வளைவு. அதில் திரும்பியதும் மர வண்டி. மலையிலிருந்து அறுப்பு மில்லுக்கு வெட்டின மரத் தடி ஏற்றிவரும் மாட்டு வண்டி. மில் பாதைக்குள் நுழைவதற்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. மாடுகள் பாதைக்குள் போய்விட்டன. வண்டிக்கு வெளியே நீண்டிருந்த தடிகள் மட்டும் ரோட்டைக் குறுக்கே அடைத்து, சரியாக நெஞ்சு உயரத்தில் நின்றன.

என் கை பிரேக்குக்குப் போய்விட்டது. விரல்கள் கம்பியைச் சுற்றி மடங்கியும்விட்டன. பின்னால் அத்தானின் மூச்சு கேட்டது. அவர் தடியைப் பார்க்கவில்லை. ஒட்டி வருகிறவன் ரோட்டைப் பார்க்க மாட்டான், முன்னால் போகிறவன் சக்கரத்தைத்தான் பார்ப்பான். நான் பிடித்தால் அவர் என்மேல் ஏறித் தலைகுப்புறப் பறப்பார், நேராகத் தடியில். பிடிக்காவிட்டால் முதல் நெஞ்சு என்னுடையது. அக்காவின் வயிறு கண்முன்னால் வந்தது.

விரல்களைத் திறந்தேன். என் விரல்கள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்ததில்லை. ஹாண்டில்பாரை இடது பக்கம் திருப்பினேன். ரோட்டோரம் நடவு முடிந்த வயல். என் சக்கரம் போன வழியே, ஏன் எதற்கென்று தெரியாமல், மூன்று சக்கரங்களும் வந்தன. நாலு பேரும் வரிசையாகச் சேற்றில் விழுந்தோம்.

அத்தான் முதலில் எழுந்தார். கண்ணில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். தடிகளைப் பார்த்தார். அதற்குள் செங்கோட்டைக்காரர்கள் வளைவில் பிரேக் பிடித்து இறங்கி, வண்டியைச் சுற்றிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், மறுபடி ஏறிப் போனார்கள். மரம் வருகிற நேரம் அவர்களுக்குத் தெரியாதா என்ன!

அவர்கள் போன பிறகுதான் அத்தானுக்கு வாய் வந்தது.

"ஏ மூதி! பயந்தாங்கொள்ளிப் பயல டீம்ல சேத்தேன் பாரு! போச்சுலே, எல்லாம் போச்சு!"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செங்கோட்டை வந்து சேரும்வரை திட்டினார். ஒரு கையால் தன் சைக்கிளைத் தள்ளினார். மறு கையால் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தார். விடவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். தடி வண்டி குறுக்கே நின்றதையும் வயலில் விழுந்ததையும் சொன்னேன். சேற்றைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே போய் எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அவருடையதில் இல்லாததை அவள் கவனித்தாளா, தெரியாது. என்னைத்தான் கேட்டாள்.

"உன் சைக்கிள்ல பிரேக் இருக்குல்லா? பின்ன என்னத்துக்குலே பிடிக்கல?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். முகம் துண்டுக்குள் இருந்தது. தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

இலை போட்டார்கள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை கை நனைத்த பிறகுதான் மற்ற இலைகளில் சோறு விழும். அக்கா சோற்றுக் கரண்டியோடு அவர் இலைக்கு முன்னால் குனிந்தாள். அவர் கையை விரித்து இலையை மறைத்தார்.

"அவனுக்கு மொதல்ல வையி" என்றார்.

அக்கா என் இலையில் வைத்தாள். பிரேக்கை விட்ட விரல்களால் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தேன்.