மீனைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தேன்

மாலை ஏழு மணி ஐந்து நிமிடம். மீன் நிறம் மாறியிருந்தது.

எலுமிச்சை மஞ்சளாக இருந்த உடம்பெங்கும் பழுப்புத் திட்டுகள். முதுகு முட்கள் விறைத்து நின்றன. பாறை இடுக்கில் சாய்ந்து அசையாமல் கிடந்தது. அதை வாங்கி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அறைக்குள் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை.

நான் முதலில் பார்த்தது இவ்வளவுதான். இதில் பொய் இல்லை. பொய் பிறகு வந்தது... அதைச் சொன்னவள் நான். என் கணவரின் அக்கா போட்ட புகைதான் மீனைக் கெடுத்தது என்றேன். அப்படி இல்லை என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அதோடு விட்டேனா? பொய்யை எல்லோர் கண்முன்னும் நிரூபித்தும் காட்டினேன்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அவரைத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது.

நான் சிங்கப்பூரில் ஒரு பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவள். நிருபர்கள் கொண்டுவரும் செய்தியில் 'அதன் பிறகு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அதனால்' என்று இருந்தால் விடமாட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையெல்லாம் நம் பக்கத்தில் வேண்டாம் என்று அடித்துவிடுவேன். அந்த வேலையை விட்டபின் தோ பாயோவில் எங்கள் வீட்டின் சின்ன அறையில் மேசை போட்டு மொழிபெயர்ப்பு செய்கிறேன். அந்த அறையில்தான் கடல்நீர்த் தொட்டியும் இருக்கிறது.

அண்ணி எங்களோடு வந்து சேர்ந்தது அவருடைய கணவர் இறந்த பிறகு. என் கணவர் ரவியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சில மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். நாங்களும் போங்கள் என்று சொல்லவில்லை, அவரும் போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாயும் நேரத்தில் கரண்டியில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கப் புகை காட்டுவார். கட்டிலடி, அலமாரி மூலை, என் மேசைக்கு அடியில்கூட. கதவைத் தட்ட மாட்டார். தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

மீன் வந்த அன்றைக்கும் அப்படித்தான் வந்தார்.

"இது ஒரா மீனுல்ல? தேக்கா மார்க்கெட்ல குழம்புக்கு வாங்குவோமே! இதைப் போய் கண்ணாடிக்குள்ள வெச்சு சோறு போடுறியே மா?"

"அந்தக் குடும்பம்தான் அண்ணி. ஆனா இது வேற. இதுக்குப் பேரு நரிமுகம்."

"அப்ப சரி. நரி முகத்துல முழிச்சா யோகம்பாங்க. ரவியையும் தினம் காலையில இங்க வந்து நிக்கச் சொல்லு. நாலு நம்பர் லாட்டரி அடிக்கட்டும்."

நான் சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்கும். அதுதான் இன்னும் கேவலம்.

திட்டுகளைப் பார்த்த அன்றே நீரைச் சோதித்தேன். உப்பு சரி, வெப்பம் சரி, அமோனியா இல்லை. கண்ணில் மங்கல் இல்லை, செதிலில் வெள்ளைப் பொடி இல்லை, மூச்சு சீராக இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "புதுசு லா அக்கா, பயந்திருக்கும். கொஞ்ச நாள் விடுங்க" என்றான் கடைப் பையன். காலையில் பார்த்தால் மீன் மஞ்சள். வெள்ளிக்கிழமை மாலை அண்ணி புகை காட்டிவிட்டுப் போனார்... மறுபடியும் திட்டு!

எனக்கு அது போதுமாக இருந்தது. தொட்டியின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்க ஒரு கருவி உண்டு. அது அறையின் காற்றை உறிஞ்சி நீருக்குள் குமிழ்களாக விடும். அறையில் புகை இருந்தால் நீரிலும் புகை. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பாருங்கள்!

மற்ற நாள்களில் ஏழு மணிக்கு நான் சமையலறையில் இருப்பேன், அல்லது கீழே நடந்துகொண்டிருப்பேன். செவ்வாயும் வெள்ளியும்தான் அறையைக் காவல் காப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். அதாவது, புகை வந்த நாள்களில் மட்டுமே மீனைப் பார்த்தேன். ஒரு நிருபர் இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொன்னேன். ரவி சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் இரவுப்பணி பார்ப்பவர். சீருடையோடு அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாமிக்குப் போடற புகையில மீன் சாகுமா? கதை விடாத லா."

"நீ சும்மா இருடா" என்றார் அண்ணி. "பேப்பர்ல இருந்தவ, பார்க்காம சொல்ல மாட்டா. ஏம்மா, முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? வாயில்லா ஜீவன்."

பிறகு அவரே வழியும் சொன்னார். "வர்ற செவ்வாய் போடாம இருக்கேன். அன்னைக்கும் திட்டு வந்துச்சுன்னா புகை இல்லன்னு ஆயிடும். வரலன்னா, நான் நிறுத்திடறேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அதைவிட நேர்மையான சோதனை இருக்க முடியாது.

திங்கட்கிழமை மாலை நடைக்குப் போகவில்லை. தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் புகை இல்லை. ஏழு மணிக்குத் தொட்டி விளக்கு 'டக்'கென்று அணைந்தது. அதற்கு டைமர் வைத்தவள் நான்தான். விளக்கு அணைந்த சற்று நேரத்தில் மீன் பாறை இடுக்குக்குப் போனது, சாய்ந்தது... பழுப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின.

விளக்கைப் போட்டேன். திட்டுகள் கரைந்தன. அணைத்தேன். ஏறின. போட்டேன். கரைந்தன.

கைப்பேசியில் தேடினேன். உடனே கிடைத்தது. இந்த மீன் பயந்தால் நிறம் மாற்றும், தூங்கும்போதும் மாற்றும். இருட்டில் எதிரி கண்ணுக்குத் தெரியாமலிருக்க அது போட்டுக்கொள்ளும் வேஷம். நோயும் இல்லை, புகையும் இல்லை. என் மீன் தூங்கியிருக்கிறது!

சமையலறையில் அண்ணி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பலகையில் கத்தி விழும் ஓசை கேட்டது. 'அண்ணி, இங்க வந்து பாருங்க, நான் ஒரு முட்டாள்' என்று ஒரு வரி போதும். அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பார்.

என் கை டைமருக்குப் போனது. ஏழு மணியைப் பத்து மணிக்குத் தள்ளிவைத்தேன். அண்ணி ஒன்பதரைக்கெல்லாம் தூங்கிவிடுவார்.

ஏன் செய்தேன்? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். புகை பிடிக்காதா? இல்லை, சாம்பிராணி வாசம் எனக்குப் பிடிக்கும். பின் எது? கதவு. தட்டாமல் திறக்கும் அந்தக் கதவு. 'அண்ணி, உள்ளே வரும்போது தட்டுங்க' என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. துணையாக வந்து நிற்க ஒரு மீன் கிடைத்தது.

செவ்வாய் மாலை ஏழரைக்கு மூன்று பேரும் தொட்டியின் முன்னால் நின்றோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீன், கிளிப்பில் மாட்டியிருந்த கடல்பாசியைக் கொத்தித் தின்றது. முழு மஞ்சள். ஒரு புள்ளி இல்லை!

"உன் ஆராய்ச்சி சரிதான் போல" என்றார் ரவி.

அண்ணி குனிந்து நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு! பாவம், இதை நான் என்ன பாடு படுத்தியிருக்கேன்..."

அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. மீன் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். கரண்டியைத் தேய்த்துக் கழுவிக் காகிதத்தில் சுற்றி மேல்தட்டில் வைத்தார். அன்றிலிருந்து என் அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்றே கூப்பிடுவார். ஊதுவத்திகூட ஏற்றுவதில்லை.

நான் கேட்டது கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். சில வாரம் நன்றாகவே தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒருநாள் அண்ணியும் நானும் தேக்காவுக்குப் போனோம். அவர் வழக்கமாகப் பூசைச் சாமான் வாங்கும் கடையில், கடைக்கார பாய் கற்பூரத்தோடு சாம்பிராணிப் பொட்டலத்தையும் எடுத்து வைத்தார்.

"அது வேணாம் பாய். வீட்ல மீன் இருக்கு, புகை ஆகாது."

"மீனுக்கு சாம்பிராணி ஆகாதா? என்ன மீனு அக்கா அது, சட்டியில கெடக்குற மீனா?"

"அட, உயிரோட நீந்துற மீனு. இவ வளர்க்கிறா."

"அப்படியா! நல்ல வேளை, எங்க வீட்ல பூனைதான். எந்தப் புகைக்கும் எழுந்திரிக்காது."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். சிராங்கூன் சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தச் சிரிப்பு போயிருந்தது.

"உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "மீனுக்கே அப்படின்னா... அவருக்கு?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அவருடைய கணவர் நுரையீரல் கெட்டுப்போய் இறந்தவர். ஓயாமல் இருமி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கி, கடைசிக் காலத்தில் படுக்கையறையை விட்டு வெளியே வராதவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஏன் வந்தது என்று மருத்துவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை.

"ஏர்கான் போட்டு ஜன்னலெல்லாம் மூடியிருக்கும். சளி கரையட்டும்னு நான் கரண்டியை அவர் பக்கத்துலயே கொண்டுபோய்க் காட்டுவேன். இருமுவார். 'போதும் ராஜாத்தி'ம்பார். நல்லதுதான், கொஞ்சம் பொறுத்துக்குங்கம்பேன். மீன் திட்டுத் திட்டா ஆனப்ப நீ கண்டுபிடிச்சிட்ட. அவரு இருமினப்ப நான் கண்டுபிடிக்கலியே மா."

"அதெல்லாம் இல்ல அண்ணி. மீன் வேற, மனுஷன் வேற."

"மூச்சு ஒண்ணுதானே?"

பஸ் வந்தது. ஏறினோம். தோ பாயோ வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள்: அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம், மூன்று நிறுத்தம்... ஒவ்வொன்றிலும் சொல்லியிருக்கலாம்!

மூடிய அறையில் போட்ட புகை நோயாளியின் நுரையீரலுக்குக் கெடுதலா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அத்தனை ஆண்டு அண்ணிக்கு வராத சந்தேகம் எதைப் பார்த்து வந்தது? விளக்கொளியில் மஞ்சளாக நீந்திய ஒரு மீனைப் பார்த்து. அந்த மஞ்சளை அங்கே வைத்தவள் நான்.

ஒருமுறை முயன்றேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்த மீன் இருக்குல்ல..."

மடித்த துணி கையிலிருந்து நழுவியது. "ஐயோ, செத்துடுச்சா?"

"இல்லல்ல. நல்லா இருக்கு."

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நான்கூட பயந்துட்டேன். அதுவாவது நல்லா இருக்கட்டும்."

'அதுவாவது'! கீழே விழுந்த துணியை எடுத்து மடித்துக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பின்ன ஏன் அப்படிச் செஞ்ச? அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் கதவு. இந்த வீட்டில் தன்னை ஒருத்தி வேண்டாம் என்று நினைத்தாள், அதை வாய்விட்டுச் சொல்லாமல் மீனைக் கொண்டு சொன்னாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதா? அதனால்தான் சும்மா இருக்கிறேன்... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த வாக்கியத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் அடித்திருப்பேன். அவருக்காக நான் மௌனமாக இல்லை. எனக்காக இருக்கிறேன்.

ஓராண்டுக்கு மேலாகிறது. மீன் பெரிதாகிவிட்டது. அண்ணி சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். கணவரின் படத்துக்குப் பூ வைக்கிறார். முன்போல் அதன் முன்னால் நின்று பேசுவதில்லை. யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறார். ரவி, வயதாகிவிட்டது அக்காவுக்கு என்கிறார். நான் தலையாட்டுகிறேன்.

போன வாரம் அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் தட்டினார்.

"அவரைப் பார்த்த டாக்டர் இன்னும் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்காராம். நேரம் வாங்கிட்டேன். நீ கூட வர்றியா?"

"எதுக்கு அண்ணி?"

"கேட்டுடலாம்னு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. எனக்கு இங்கிலீஷ்ல கேட்க வரும். ஆனா இதைக் கேட்க வாய் வராது மா. நீ கேளு. பேப்பர்க்காரி மாதிரி கேளு. எதையும் ஒளிக்காம கேளு."

"சரி அண்ணி" என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அன்றைக்குக் கட்டப்போகும் புடவையை இன்றே தேய்த்து நாற்காலியில் மடித்துப் போட்டிருக்கிறார்.